லென்ஸண்ணன்

மணிமங்கலத்தில் இரண்டாம் புலிகேசியை நரசிம்மவர்ம பல்லவன் முறியடித்த செய்தி கூரம் செப்பேட்டில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் நடந்த அந்தப் போருக்குப் பிறகு, அவ்வூர் ஏரிக்கரை மறுபடி களைகட்டியது கேனனும் சோனியும் மோதத் தொடங்கிய பிறகுதான். ஞாயிறு காலையில் அங்கே படைத்தலைமை ஏற்பவர் லென்ஸண்ணன். வாரத்தில் ஆறு நாள் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு வேலை. ஏழாம் நாள் மிலிட்டரி டிசைன் சட்டை, பை மேல் பை தைத்த அரைக்கோட்டு, தோளில் முக்காலி, கழுத்தில் இன்னும் கட்டி முடிக்காத இஎம்ஐ. தண்ணீரில் நாமக்கோழி நீந்துவதைப் பார்க்குமுன், பக்கத்தில் நிற்பவரின் கழுத்தில் என்ன தொங்குகிறது என்று பார்ப்பார். செல்பேசியோடு வரும் அப்ரண்டிஸ் பையன், “பறவையை எப்படிண்ணே எடுக்கணும்?” என்று கேட்டால் பதில் தயார்: “மொதல்ல ஃபுல் ஃபிரேம் பாடி, அப்புறம் 600 எம்எம் எஃப் 4. அது இல்லாம பறவை பக்கமே போகாதே தம்பி.” அந்த லென்ஸின் விலை பத்து லட்சத்துக்கு மேல். பையன் வாங்கும் உதவித்தொகையில் சேர்த்தால், முதல் படத்தை அவன் பேரன்தான் எடுப்பான்.

அண்ணனுக்கு விவரம் போதாது என்று சொல்ல முடியாது. சரியான முறை அவருக்கு அத்துப்படி. ஆனால் அதைத் தொழிற்சாலை வாசலிலேயே பஞ்ச் வைத்துவிட்டு வந்துவிடுகிறார். லைனில் ஒரு பாகம் பழுதாக வந்தால், புது மெஷின் கேட்பவனை முதலில் திட்டுபவர் அவரே. “மெஷினைக் குறை சொல்லாதே, செட்டிங்கைப் பாரு” என்பார்; ஜப்பான்காரர்கள் சொல்லிக்கொடுத்தபடி ஐந்து முறை ‘ஏன்’ கேட்டுக் காரணத்தின் அடிவேரைத் தோண்டுவார். அதே ஐந்து ‘ஏன்’களைப் பையனின் மங்கலான படத்திடம் கேட்டுப் பார்க்கலாம். படம் ஏன் மங்கல்? ஷட்டர் மெதுவாக ஓடியது. ஏன்? விடியற்காலைக் குறைந்த வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 100ல் இருந்தது. ஏன்? ஏற்றினால் படத்தில் பொரிப்பொரியாக விழும் என்று அண்ணன் பயமுறுத்தியிருந்தார். அவர் ஏன் அப்படிச் சொன்னார்? ஏதோ காணொளியில் கேட்டது. தானே ஏற்றிப் பார்த்து ஏன் சோதிக்கவில்லை? அந்த நேரத்தில் அடுத்த காணொளி பார்த்துக்கொண்டிருந்தார். விசாரணை முடிந்தது, கேமரா நிரபராதி. பொரி விழுந்த படத்தைப் பிறகு ஓரளவு சரிசெய்யலாம். பறவை அசைந்து குழம்பிய படத்தை எந்த மென்பொருளும் முழுதாக மீட்காது.

காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணனையே அண்ணனுக்கு எதிர்ச்சாட்சியாக நிறுத்தலாம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912ல் பிறந்து 1996ல் மறைந்தவர். கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களை ஒட்டுப்போட்டுத் தானே ஒன்று உருவாக்கி, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்தார். “பார்த்தீர்களா, அவருக்கும் கருவிப் பித்து உண்டு” என்று அண்ணன் குறுக்கிடுவார். உண்டுதான். ஆனால் கிருஷ்ணன் முதலில் யானையைப் பார்த்தார். யானைக்கு என்ன வேண்டுமோ அதைக் கேமராவில் பொருத்தினார். அண்ணன் முதலில் கேமராவை வாங்கிவிட்டு, அதற்குப் பொருத்தமான பறவை வருமா என்று காத்திருக்கிறார்.

“ஏரி பெரிசு, பறவை தூரம், லென்ஸ் நீளமில்லாமல் எப்படி?” என்பது அவருடைய வலுவான வாதம். பாதி உண்மை. நடு ஏரியில் மிதக்கும் கூழைக்கடாவின் கண்ணைச் செல்பேசி எட்டாது. ஆனால் வெயில் ஏறியதும் நீர்ப்பரப்பின் மேல் அலையும் சூடான காற்று, பத்து லட்ச ரூபாய் லென்ஸுக்கும் சலுகை தராது. தூரத்துப் பறவை நெளிந்துதான் தெரியும். நீளமான லென்ஸால் தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டத்தான் முடியும். தூரத்தையே குறைக்க வேண்டுமானால் விடியுமுன் வந்து, சூரியனை முதுகில் வாங்கி, கரைச்சரிவில் தாழ உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அண்ணனுக்குக் கடினமானது கடைசி நிபந்தனைதான். செல்பேசிக்காரனுக்கும் வேலை இருக்கிறது: லென்ஸை வேட்டி முனையால் துடைக்கலாம், விரலால் விரித்துப் பெரிதாக்காமல் பறவையை அதன் ஏரியோடு சேர்த்து எடுக்கலாம், வானத்தில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைக் குறைத்தால், கரையோரக் கொக்கு நிழலுருவமாக நிற்கும். செலவு, ஒரு நாள் தூக்கம்.

“அவர் காசு, அவர் சந்தோஷம், உங்களுக்கென்ன?” என்று கேட்கலாம். நியாயம். கருவியைத் துடைத்துத் துடைத்து மகிழ்வதும் ஒரு பொழுதுபோக்கே, அது தீங்கில்லாதது. சிக்கல், அவர் தம் ஆசையைப் பையனுக்கு விதியாக்கும்போது வருகிறது. வாங்கினால்தான் தொடங்கலாம் என்று நம்பியவன், வாங்கும்வரை பார்க்கவே பழகமாட்டான். வாங்கிய பிறகு, பார்க்கத் தெரியாத குறைக்கு அடுத்த மாடலைத் தேடுவான். படம் எடுப்பது எப்படி என்று பையன் அண்ணனிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் கேட்க வேண்டிய நாள் திங்கட்கிழமை, இடம் ஒரகடம்.