இடது காலுக்கு ஓய்வு கொடுத்தவர்

பெரம்பலூர் நான்கு ரோடு பக்கம் எந்தக் கார் பட்டறைக்குள் நுழைந்தாலும் மூன்று பேரைப் பார்க்கலாம். ஒருவர் வண்டிக்குச் சொந்தக்காரர். ஒருவர் மெக்கானிக். மூன்றாமவருக்கு அங்கே வண்டியும் கிடையாது, வேலையும் கிடையாது. ஆனால் நாற்காலி உண்டு. அவர்தான் சவூதி மாமா.

பட்டறைக்குப் பட்டறை ஆள் மாறுவார், மாமா மாற மாட்டார். சலவை கலையாத வெள்ளைச் சட்டை, பையில் பேனா, லேசான அத்தர் வாசனை. காலையிலிருந்து சாயங்காலம் வரை பட்டறையில் உட்கார்ந்தாலும் சட்டையில் ஒரு பொட்டுக் கறை இருக்காது. எதையும் தொடாதவருக்குக் கறை எங்கிருந்து வரும்?

லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் என்று இந்த மாவட்டத்தில் வளைகுடாவை நம்பி வீடு எழும்பிய ஊர்கள் பல. மாமா போனது ரியாத்துக்கு, ஹவுஸ் டிரைவர் விசாவில். போன நாள் முதல் திரும்பிய நாள் வரை ஓட்டியதெல்லாம் ஆட்டோமேட்டிக். “கிளச்சுன்னு ஒன்னு இருக்குறதையே மறந்துட்டேன் மாப்ள” என்பார். இன்றைக்கும் நாற்காலியில் உட்காரும்போது இடது காலை மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார். கொள்கை மாறக்கூடாது என்று இங்கே வாங்கியதும் கியர் இல்லாத ஸ்கூட்டர்தான்.

ஊரில் ஆட்டோமேட்டிக் கார் பெருகப் பெருக மாமாவுக்கும் மவுசு ஏறியது. 2014-இல் மாருதி செலேரியோ வந்த பிறகு ‘கியர் போட வேண்டாம்’ என்பது நம்ம பட்ஜெட்டுக்குள் வந்துவிட்டது. அதில் இருப்பது சாதாரண கியர் பாக்ஸ்தான். கிளச்சையும் கியரையும் மனிதனுக்குப் பதிலாக ஒரு கருவி இயக்குகிறது. டார்க் கன்வெர்ட்டர் வைத்த ஆட்டோமேட்டிக் வேறு ஜாதி. அதன் அடியில் ஆயில் பேன் உண்டு, பேனுக்குள் ஃபில்டர் உண்டு. மாமாவுக்கு இரண்டும் ஒன்றுதான். கால் சும்மா இருந்தால் ஆட்டோமேட்டிக்.

ஒரு நாள் பட்டறைக்கு வந்தது இரண்டாவது வகை. கோயம்புத்தூரில் செகண்ட்ஸில் எடுத்த வண்டி. காலையில் ஸ்டார்ட் செய்து ‘டி’-யில் போட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நகரும். நிறுத்திய இடத்தில் ஆயில் சொட்டு. மாமா எழுந்திருக்காமலே தீர்ப்புச் சொன்னார்: “கியர் பாக்ஸ் போச்சு. எங்க கஃபீலா இருந்தா வண்டியவே மாத்திருப்பாரு.”

எந்த நோய்க்கும் மாமாவிடம் இருக்கும் வைத்தியம் இது ஒன்றுதான். அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. ரியாத்தில் வண்டிக்கு ஏதாவது என்றால் கஃபீல், அதாவது முதலாளி, அதை ஷோரூமுக்கு அனுப்பிவிடுவார். பானட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க மாமாவுக்குச் சந்தர்ப்பமே அமையவில்லை.

மெக்கானிக் அரியலூரில் சுண்ணாம்புக்கல் டிப்பரில் தொழில் படித்தவர். சிமெண்ட் ஆலைகள் அத்தனையையும் பார்த்த கை. டிப்பர் வீல் நட்டை இறுக்க 500 நியூட்டன் மீட்டருக்கு மேல் வேண்டும். பேனைப் பிடிக்கும் பத்தாம் நம்பர் போல்ட்டுக்குப் பத்து போதும். அந்தக் கையை இந்த அளவுக்கு அடக்குவதே தனி வித்தை.

அந்த வண்டியில் டிரெய்ன் போல்ட் கிடையாது. ஒரு பக்கத்துப் போல்ட்டுகளைக் கழற்றி, எதிர்ப்பக்கம் தளர்த்தி, பேனை மூலையாகச் சாய்த்து ஆயிலை இறக்கினார். சிவப்பாக இருக்க வேண்டியது காப்பிக் கலரில் வந்தது. 1970-களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் இந்த ஆயிலில் திமிங்கில எண்ணெய் கலந்தார்கள் என்று பக்கத்தில் நின்ற நான் ஆரம்பித்தேன். முடிக்கவிடவில்லை. “அதான் அந்தக் காலத்து வண்டியெல்லாம் நீந்துற மாதிரி போகும்” என்றார் மாமா. ஆதிகாலத்தில் அரியலூரே கடலுக்குள் இருந்த ஊர் என்று சொல்லியிருந்தால், அங்கேயும் ஆட்டோமேட்டிக் ஓட்டியிருப்பார்.

பேனுக்குள் ஒட்டியிருந்த காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு. “இரும்பெல்லாம் கரைஞ்சிருச்சே!” என்று மாமா நெஞ்சில் கை வைத்தார். “நைசா இருந்தா தேய்மானம்தான் மாமா. சில்லு சில்லா இருந்தாத்தான் பயப்படணும்.” பழைய ஃபில்டரை இழுத்ததும் கையோடு வந்தது, ஆனால் அதன் கழுத்தில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் மேலேயே தங்கிவிட்டது. பட்டறைப் பையன் அது தெரியாமல், திருச்சியிலிருந்து பஸ்ஸில் போட்டுவிட்ட புது ஃபில்டரைச் சொருகப் போனான். மெக்கானிக் அவன் கையைத் தட்டிவிட்டு, விரலை விட்டு வளையத்தை உருவி எடுத்தார். ஒன்றின் மேல் ஒன்றாகச் சொருகியிருந்தால் பம்பு ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும். பேனைத் துடைக்க மாமா ஆர்வமாகப் பனியன் வேஸ்ட்டை எடுத்து நீட்டினார். அதுவும் வேண்டாம் என்றாகிவிட்டது. நூல் பிரிந்து உள்ளே போனால் வால்வு மாட்டிக்கொள்ளும்.

பேன் விளிம்பில் ஒட்டியிருந்த பழைய பேஸ்ட்டைச் சுரண்டவே அரை மணி நேரம். யாரோ முன்பு ஆத்திரத்தில் இறுக்கி, போல்ட் ஓட்டைகள் குழிந்திருந்தன. பேனை மரக்கட்டையில் கவிழ்த்துத் தட்டிச் சமமாக்கினார். கேஸ்கெட் இல்லாமல் பேஸ்ட்டிலேயே ஒட்டும் பேன் அது. மெல்லிய கோடாக, எங்கும் விட்டுப்போகாமல், ஓட்டைகளின் உள்பக்கமாகப் பேஸ்ட் போட்டார்.

“நல்லா அப்பு மாப்ள, காசு குடுக்குறாருல்ல!” என்றார் மாமா. வண்டிக்காரரும் தலையாட்டினார். அப்பினால் பாதி உள்பக்கம் பிதுங்கும். பிய்ந்து விழுந்தால் நேரே புது ஃபில்டரில் போய் அடையும். மெக்கானிக் இருவருக்கும் பதில் சொல்லாமல் போல்ட்டுகளை மாற்றி மாற்றி, குறுக்குவாட்டில் இறுக்கி முடித்தார்.

அதுவரைக்கும் மாமா சொன்னதில் ஒன்றுகூடச் சரியில்லை. சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. அன்று வியாழக்கிழமை. மறுநாள் விடியற்காலை வண்டிக்காரருக்குக் குடும்பத்தோடு சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குப் போக வண்டி வேண்டும். அந்தக் கோயில் நடை வழக்கமாகத் திறப்பது திங்களும் வெள்ளியும்தான். பேஸ்ட் முழுதாக இறுக 24 மணி நேரம். “இப்பவே ஆயில ஊத்துங்க, ஓடுற சூட்டுல காஞ்சிரும்” என்று வண்டிக்காரர் குதித்தார். பெரிய வாடிக்கை, மெக்கானிக்கின் கை ஆயில் கேனுக்குப் போனது.

மாமா மடித்த காலைக் கீழே இறக்கினார்.

“தம்பி, உட்காருங்க. நான் ஸ்கூல் வாசல்ல நாலு மணி நேரம் நின்னவன். கல்யாண மண்டபத்து வாசல்ல ராத்திரி எட்டு மணிக்கு நிறுத்துனா விடிஞ்சப்புறம்தான் வருவாங்க. வெயில் அம்பது டிகிரி. நமக்கு ஒரு நாள் பெருசா? அம்மன் திங்கட்கிழமையும் இருப்பா.”

கிளச், கியர், ஃபில்டர் எதுவும் தெரியாதவர்தான். ஆனால் காத்திருப்பதற்கென்றே மாதாமாதம் சம்பளம் வாங்கிய மனிதர் அந்தப் பட்டறையில் அவர் ஒருவர்தான். கேன் தரைக்குப் போனது.

மறுநாள் சாயங்காலம், வடிந்த ஆயிலை அளந்து அதே அளவு புதிது ஊற்றி, இஞ்சினை ஓடவிட்டு, சூடான பிறகு லெவல் பார்த்தார்கள். கன்வெர்ட்டருக்குள் பழைய ஆயில் மிச்சமிருக்கும் என்பதால், கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு இன்னொரு தரம் மாற்றச் சொன்னார் மெக்கானிக். அடியில் விரித்த அட்டையில் சொட்டு இல்லை. ‘டி’-யில் போட்டதும் வண்டி யோசிக்காமல் நகர்ந்தது. “நான் சொன்னேன்ல, கியர் பாக்ஸ் நல்லாத்தான் இருக்குன்னு” என்றார் மாமா.

திங்கட்கிழமை யாரும் கூப்பிடாமலே முன் சீட்டில் ஏறிக்கொண்டார். சிறுவாச்சூர் வரும்வரை பிரேக்கை எப்போது மிதிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தாராம். கோயில் வாசலில் எல்லோரும் இறங்க, அவர் மட்டும் அசையவில்லை.

“மாமா, நீங்க இறங்கலையா?”

“வண்டிக்கு ஆள் வேணாமா? சாவிய மட்டும் குடுத்துட்டுப் போங்க, ஏசி போட்டுக்குறேன்.”