அம்மாவுக்கும் பசிக்கும்

இந்த இதழில், பால் கொடுக்கும் அம்மாக்களும் அவர்கள் வீட்டாரும் உடல் எடை பற்றி அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: குழந்தை பிறந்து இருபது நாள் ஆகிறது. வயிறு இன்னும் ஆறு மாதக் கர்ப்பம் போலவே தெரிகிறது. எடை குறைக்க இப்போதே தொடங்கலாமா, அக்கா?
– புதுத் தாய், கோவில்பட்டி

பதில்: உங்கள் உடம்பு ஏற்கெனவே தொடங்கிவிட்டது, தங்கச்சி. குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர் என்று பிரசவத்தன்றே ஐந்தாறு கிலோ இறங்கியிருக்கும். கர்ப்பத்தில் தேங்கிய நீர் அடுத்த ஓரிரு வாரத்தில் சிறுநீராகவும் வியர்வையாகவும் போயிருக்கும். பிரசவம் முடிந்த கையோடு சுமார் ஒரு கிலோ இருந்த கர்ப்பப்பை, நூறு கிராமுக்கும் கீழே சுருங்க ஆறு வாரம் ஆகும். குழந்தை சப்பும்போது சுரக்கும் ஆக்ஸிடோசின்தான் அதைச் சுருக்குகிறது. முதல் நாட்களில் பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடித்தது அதனால்தான். ஆறிலிருந்து எட்டு வாரம் வரை எடை மெஷின் பக்கமே போக வேண்டாம். காயம் ஆறட்டும், பால் நிலைக்கட்டும்.

கேள்வி: பால் கொடுத்தாலே எடை தானாகக் குறையும் என்றார்கள். எனக்கு ஏறுகிறதே?
– ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: சொன்னது பாதி உண்மை. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 750 மில்லி பால் சுரக்கிறது. அதில் ஏறக்குறைய 500 கலோரி போகிறது. அதைத் தயாரிக்கும் செலவையும் சேர்த்துத்தான், ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் முதல் ஆறு மாதத்துக்கு நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாகத் தேவை என்கிறது. மீதிப் பாதி பசி. பால் கொடுக்கிறவளுக்குப் பசி எடுப்பது இயற்கை, அதற்காக வெட்கப்பட வேண்டாம். ஆனால் அந்தப் பசி இனிப்பு பிஸ்கட்டிலும், சர்க்கரை தூக்கலாகப் போட்ட சத்துபானத்திலும் தீர்ந்தால் 600 கலோரி சாயங்காலத்துக்குள் தாண்டிவிடும். பசியைக் குறைக்க வேண்டாம். பசிக்கு எதைப் போடுகிறீர்கள் என்பதை மாற்றுங்கள்.

கேள்வி: மருமகள் லேகியம் வேண்டாம், நெய் வேண்டாம் என்கிறாள். பால் வற்றிவிடாதா? நாங்கள் எல்லாம் சாப்பிட்டுத்தானே பிள்ளை வளர்த்தோம்?
– மாமியார், காரைக்குடி

பதில்: அம்மா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் பால் சுரப்பது நெய்யால் அல்ல, குழந்தை குடிப்பதால். இறைக்க இறைக்க ஊறும் கிணறு அது. அடிக்கடி குடித்து மார்பு காலியானால் அடுத்த முறைக்குத் தானாகச் சுரக்கும். ஒரு டீஸ்பூன் நெய்யில் 45 கலோரி. சோற்றில் ஒன்றோ இரண்டோ ஊற்றினால் போதும், பருப்பிலும் ரசத்திலும் தோசையிலும் தனித்தனியாக ஊற்ற வேண்டியதில்லை. லேகியத்தில் வெல்லமும் நெய்யும் நல்லெண்ணெயும் இருப்பதால் உருண்டையைச் சுண்டைக்காய் அளவுக்குச் சுருக்குங்கள். உங்கள் பத்தியத்தில் இருக்கும் பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, நெத்திலி எல்லாம் அருமை, தொடர்ந்து கொடுங்கள். ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள்: தண்ணீரைக் குறைப்பது. பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் எடுத்தால் எடுத்த அளவுக்குத் தண்ணீர் வேண்டும்.

கேள்வி: அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புகிறேன். அதற்குள் கீட்டோ டயட்டில் பத்து கிலோ குறைக்கத் திட்டம். சரிதானே?
– ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

பதில்: சரியில்லை, ஆபத்தும்கூட. பால் சுரக்கத் தினமும் உங்கள் உடம்பிலிருந்து கணிசமான சர்க்கரை போகிறது. சோறு, சப்பாத்தி எதுவும் இல்லாமல் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால், ரத்தத்தில் கீட்டோன்கள் குவிந்து அமிலத்தன்மை ஏறலாம். சர்க்கரை நோயே இல்லாத பால் கொடுக்கும் தாய்மார்கள் இப்படித் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போனது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. வாந்தி, கடும் சோர்வு, வேகமாக மூச்சு வாங்குவது தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 16 மணி நேரம் பட்டினி கிடப்பதும் இப்போது வேண்டாம்.

எவ்வளவு குறைக்கலாம்? வாரத்துக்கு அரை கிலோ. இதற்கு நல்ல சான்று உண்டு. 2000-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், அதிக எடை கொண்ட, பால் கொடுக்கும் தாய்மார்கள் உணவில் 500 கலோரி குறைத்து, வாரத்தில் நான்கு நாள் உடற்பயிற்சியும் செய்தார்கள். பத்து வாரம் சராசரியாக வாரத்துக்கு அரை கிலோ குறைந்தது. அவர்களின் குழந்தைகள் மற்றக் குழந்தைகளைப் போலவே எடையும் உயரமும் கூடி வளர்ந்தன. ஆனால் மொத்தச் சாப்பாடு நாளுக்கு 1,800 கலோரிக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதுதான் பொதுவான அறிவுரை.

கேள்வி: நான் சாப்பாட்டைக் குறைத்தால் பாலில் சத்து குறையுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இந்த இதழின் முக்கியமான கேள்வி இதுதான். பாலின் மாவுச்சத்தும் புரதமும் நீங்கள் சாப்பிடும் அளவைப் பொறுத்துப் பெரிதாக மாறுவதில்லை. கால்சியமும் இரும்புச்சத்தும் அப்படித்தான். உங்கள் தட்டில் இல்லாவிட்டாலும் குழந்தையின் பங்கு போய்க்கொண்டே இருக்கும், ஏனென்றால் அதை உங்கள் எலும்பிலிருந்தும் சேமிப்பிலிருந்தும் உடம்பு எடுத்துக் கொடுக்கும். கண்மூடித்தனமான டயட்டின் விலையை முதலில் கொடுப்பது அம்மா. பிறகு மூட்டு வலி, மயக்கம், கோபம் என்று வருவதை ‘பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான்’ என்று நாமே ஒதுக்கிவிடுகிறோம்.

குழந்தையையும் தொடும் சத்துகள் சில உண்டு: பி12, பி1, வைட்டமின் ஏ, அயோடின், மீனில் கிடைக்கும் ஒமேகா-3. இவை அம்மாவிடம் குறைந்தால் பாலிலும் குறையும். சுத்த சைவமாக இருந்து, பாலும் தயிரும்கூடக் குறைத்துவிடும் தாய்மார்கள் கவனமாக இருக்க வேண்டும். பி12 பற்றாக்குறை உள்ள அம்மாவின் பாலை மட்டுமே குடித்த குழந்தைகளுக்கு வளர்ச்சி பின்தங்கி, கை கால் நடுக்கம் வருவதை நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். மருத்துவரிடம் கேட்டு பி12 மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு சுகாதார நிலையங்களில் பிரசவத்துக்குப் பின் 180 நாளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை அலமாரியில் அடுக்காமல் விழுங்குங்கள்.

கேள்வி: அப்படியானால் ஒரு நாள் முழுக்க என்னதான் சாப்பிடுவது? நம் வீட்டுச் சமையலிலேயே சொல்லுங்கள்.
– இல்லத்தரசி, ஈரோடு

பதில்: காலையில் இட்லி அல்லது கேழ்வரகு தோசை, கூடவே சாம்பாரும் ஒரு முட்டையும். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. பதினொரு மணிக்கு மோரும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும். மதியம் சோறு உண்டு, ஆனால் தட்டில் பாதி காய், கீரை, கால்வாசி பருப்போ மீனோ கோழியோ, மீதிக் கால்வாசிதான் சோறு. சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல். இரவு சப்பாத்தியோ தோசையோ, கூட்டோடு. நடுராத்திரி பால் கொடுத்துவிட்டுப் பசித்தால் ஒரு டம்ளர் பாலோ ஒரு வாழைப்பழமோ. அங்கன்வாடியில் தரும் சத்துமாவு உங்களுக்கும் உரியது, அதைக் கஞ்சியாகவோ அடையாகவோ சாப்பிடுங்கள். உப்பு அயோடின் சேர்த்ததாக இருக்கட்டும். குறைக்க வேண்டியவை நான்கு: சர்க்கரை, எண்ணெயில் பொரித்தது, பேக்கரி, பாட்டில் பானம்.

கேள்வி: கொள்ளு ரசம், தேன், எலுமிச்சை வெந்நீர்: இவை கொழுப்பைக் கரைக்குமா?
– வாசகி, நாமக்கல்

பதில்: கரைக்காது. கொள்ளு புரதம் நிறைந்த பயறு, அதற்காகச் சாப்பிடுங்கள். தேன் சர்க்கரைதான்.

கேள்வி: பால் ஊற வாரம் மூன்று நாள் சுறாப் புட்டு செய்து கொடுக்கிறார் அம்மா. எடை கூடுமா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: எடை கூடாது, மீன் நல்ல புரதம். ஆனால் வேறொரு விஷயம் இருக்கிறது. பெரிய சுறாக்கள் மற்ற மீன்களைத் தின்று வாழ்வதால் அவற்றின் உடம்பில் பாதரசம் சேர்கிறது. பால் கொடுக்கும் தாய்மார்கள் சுறாவைத் தவிர்க்கச் சொல்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம். சிறிய பால் சுறா எப்போதாவது ஒருமுறை போதும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை என்றால் நெத்திலி, மத்தி. இரண்டிலும் ஒமேகா-3 உண்டு. முள்ளோடு மென்றால் கால்சியமும் கிடைக்கும். விலையும் குறைவு.

கேள்வி: உடற்பயிற்சி செய்தால் பால் புளித்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அத்தை. எனக்கு சிசேரியன்.
– வாசகி, சேலம்

பதில்: புளிக்காது என்று அத்தைக்கு மரியாதையோடு சொல்லுங்கள். மிதமான பயிற்சி பாலின் அளவையும் தரத்தையும் மாற்றுவதில்லை. கிளம்பும் முன் பால் கொடுத்துவிட்டால் மார்பில் கனம் இருக்காது.

சிசேரியன் ஆனவர்கள் மருத்துவர் அனுமதித்ததும் வீட்டுக்குள் மெதுவாக நடக்கத் தொடங்கலாம். வயிற்றுக்கான பயிற்சியும் எடை தூக்குவதும் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து, பரிசோதனைக்குப் பிறகு. மல்லாந்து படுத்துத் தலையைக் கொஞ்சம் தூக்கி, தொப்புளுக்கு மேலும் கீழும் விரல் வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் பள்ளம் தெரிந்தால் வயிற்றுத் தசைகள் விலகியிருக்கின்றன. அப்போது படுத்து எழும் பயிற்சிகள் கூடாது, பிசியோதெரபி நிபுணர் சொல்லித் தரும் பயிற்சிதான் உதவும். மற்றபடி தினம் அரை மணி வேகநடை. அதைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தாலும் பலன் உண்டு.

கேள்வி: வயிற்றில் துணி கட்டினால் தொப்பை போகுமா?
– வாசகி, மதுரை

பதில்: இடுப்புக்கு ஆதரவு கிடைக்கும், தொப்பை போகாது. மூச்சு முட்டவோ தையல் வலிக்கவோ கட்டாதீர்கள்.

கேள்வி: எடை குறைக்கும் ஊசி, டீ, பவுடர்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: மூன்றும் இப்போது வேண்டாம். செமாக்ளுடைட் போன்ற ஊசிகள் பால் குடிக்கும் குழந்தைக்குப் பாதுகாப்பானவை என்று நிரூபிக்கப்படவில்லை. ஸ்லிம்மிங் டீ பலவற்றில் இருப்பது பேதி மருந்து, அதில் குறைவது கொழுப்பல்ல, நீர். மூலிகை என்ற பெயரில் வரும் பவுடர்களில் என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

கேள்வி: வெள்ளிக்கிழமை விரதம் இருந்தால் எடையும் குறையும், புண்ணியமும் சேரும் இல்லையா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: குழந்தைக்குப் பால் கொடுப்பதே இப்போது உங்கள் விரதம். ரமலான் நோன்பிலும்கூட, தனக்கோ குழந்தைக்கோ கேடு வரும் என்று அஞ்சும் பாலூட்டும் தாய் பிறகு நோற்றுக்கொள்ள இஸ்லாம் அனுமதி தந்திருக்கிறது. வெங்காயம், பூண்டு இல்லாமல், அசைவம் இல்லாமல் விரதம் இருங்கள். தண்ணீர் இல்லாமல் இருக்காதீர்கள்.

கேள்வி: எல்லாம் சரியாகச் செய்கிறேன். எடை அசையவில்லை. எப்போதும் களைப்பு, அழுகை, முடி கொட்டுகிறது.
– பெயர் வேண்டாம்

பதில்: டயட்டை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய முதல் வருடத்தில் நூற்றில் ஐந்து பேருக்காவது தைராய்டு அழற்சி வருகிறது, எளிய ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் மனம் கனத்து, அழுகை நிற்காமல், எதிலும் ஆர்வமில்லாமல் இருந்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகள் அதற்கு உண்டு. இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்ததா? பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் குளுக்கோஸ் பரிசோதனையை மறுபடி செய்யுங்கள். கர்ப்பிணிகள் எல்லோரையும் சோதிக்க வேண்டும் என்று உழைத்த சென்னை மருத்துவர் வி. சேஷையாவின் பிறந்த நாளான மார்ச் 10, கர்ப்பகாலச் சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளாக நாடு முழுக்கக் கடைப்பிடிக்கப்படுகிறது. கர்ப்பத்தில் சோதித்துக்கொண்ட பலர், பிரசவத்துக்குப் பின் வர வேண்டிய சோதனையை மறந்துவிடுகிறார்கள். நீங்கள் மறக்காதீர்கள்.

கேள்வி: மனைவி எடை குறைக்க நான் என்ன உதவி செய்யலாம்?
– கணவர், ஓசூர்

பதில்: தம்பி, அவரைத் தூங்க விடுங்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்து 2008-ல் வெளியான ஆய்வு ஒன்றில், குழந்தைக்கு ஆறு மாதமானபோது நாளுக்கு ஐந்து மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கிய அம்மாக்களுக்கு, ஏழு மணி நேரம் தூங்கியவர்களைவிட, குழந்தைக்கு ஒரு வயதானபோதும் ஐந்து கிலோவோ அதற்கு மேலோ தங்கிவிடும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. பால் கொடுப்பது அவர் வேலை. ஏப்பம் விடச் செய்வது, துணி மாற்றுவது, தோளில் போட்டுத் தூங்க வைப்பது உங்களாலும் முடியும். காலையில் காய் நறுக்கி வையுங்கள். அவர் நடக்கப் போகும் அரை மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவருடைய எடையைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள்.

கேள்வி: டயட் இருக்கும்போது குழந்தைக்குப் பால் போதுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, வேலூர்

பதில்: முதல் வாரத்துக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு முறைக்கு மேல் சிறுநீர் போக வேண்டும். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு 150 முதல் 200 கிராம் எடை ஏற வேண்டும். தடுப்பூசி போடப் போகும்போதெல்லாம் எடை பார்த்து அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். கோடு மேலே போகாவிட்டாலோ, உங்கள் எடை வாரத்துக்கு ஒரு கிலோ வீதம் இறங்கினாலோ, சாப்பாட்டைக் கூட்டிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: குழந்தைக்கு நாலு மாதம். பாலை நிறுத்திவிட்டு முழுமூச்சாக டயட் தொடங்கிவிடலாமா?
– வாசகி, சென்னை

பதில்: எடைக்காக நிறுத்தாதீர்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு இணை உணவோடு இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இதில் குழந்தைக்கு மட்டும்தான் லாபம் என்று நினைக்க வேண்டாம். பால் கொடுக்கும் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயும் இரண்டாம் வகை சர்க்கரை நோயும் வரும் வாய்ப்பு குறைகிறது. ஒன்பது மாதத்தில் ஏறிய எடைக்கு இறங்கவும் ஒன்பது மாதம் கொடுங்கள். வாரம் கால் கிலோ இறங்கினாலே அதற்குள் ஒன்பது கிலோ ஆகிவிடும். பாலையும் எடையையும் எதிரெதிரே நிறுத்த வேண்டியதில்லை, வயிறாரச் சாப்பிட்டே இரண்டையும் சாதிக்கலாம்.