இரண்டு கிரெடிட்டும் மாமாவின் தீர்ப்பும்

கேள்வி: எஸ்.பி.எம். தேர்வில் எனக்கு இரண்டே கிரெடிட். மலாய் மொழியிலும் வரலாற்றிலும் வெறும் தேர்ச்சி. இனி கல்லூரிக் கனவை மறந்துவிடு என்கிறார் மாமா. மறந்துவிடலாமா?
– மாணவர், ஜாசின் தோட்டப்புறம்

பதில்: இரண்டு கிரெடிட்டை வைத்துக்கொண்டு மருத்துவம் கேட்டால் மாமா சொல்வது சரி. வெல்டிங், மின்சாரம், வாகனப் பழுதுபார்ப்பு என்று கேட்டால் மாமா தோற்றார், தம்பி!

மெர்லிமாவ் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா சேர மூன்று கிரெடிட் வேண்டும். உங்களுக்கு ஒன்று குறைகிறது, உலகம் குறையவில்லை. ஜாசினிலும் செலாண்டாரிலும் சமூகக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே சான்றிதழ்ப் படிப்புக்குக் கிரெடிட் மூட்டை தேவையில்லை. அலோர் காஜா பக்கம் அட்டெக் என்னும் தொழில்திறன் பயிற்சி மையம் இருக்கிறது. அங்கே எஸ்.கே.எம். என்னும் திறன் சான்றிதழின் மூன்றாம் நிலையை முடித்தால் அடுத்து டி.கே.எம். என்னும் திறன் டிப்ளோமா. அதை நன்றாக முடித்தவர்களுக்கு டுரியான் துங்கல் யூதெம் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பப் பட்டப்படிப்புக்கும் வழி உண்டு. வழி நீளம்தான், ஆனால் போய்ச் சேரும்.

வரலாற்றில் தேறினீர்களே, அது பெரிய காரியம். 2013 முதல் அதில் தோற்றால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. தோற்ற நண்பர்கள் இருந்தால் மறுதேர்வு எழுதச் சொல்லுங்கள், கெஞ்சியாவது சொல்லுங்கள்.

"எந்தத் தகுதியும் வேண்டாம், பணம் கட்டு" என்று அழைக்கும் இடத்துக்கு மட்டும் போகாதீர்கள். மலேசியத் தகுதி நிறுவனமான எம்.கியூ.ஏ.வின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணப்பையைத் திறக்க வேண்டும். முடிவுத்தாளோடு மாமாவையும் அழைத்துக்கொண்டு இந்த வாரமே சமூகக் கல்லூரிக்குப் போய் விண்ணப்பம் கேளுங்கள்.