“நீங்க யாரு?” என்றது கணினி

தனியாக நிரல் எழுதுகிறவனைக் கணினி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘இதுதான் ஃபைனல்’ என்று கோப்புகளுக்குப் பெயர் வைக்கலாம். நேற்று ஓடியதை இன்று கெடுக்கலாம். வீட்டில்கூடக் கிடைக்காத சுதந்திரம் அது. நாலு பேரோடு சேர்ந்து எழுதப்போகிறோம் என்று தெரிந்ததும் அதே கணினி கால்மேல் கால் போட்டுக்கொண்டு விசாரிக்க ஆரம்பித்துவிடுகிறது.

வங்கியிலிருந்து ஓய்வுபெற்றபின் பொழுதுபோக்காகப் பைத்தான் கற்றவன் நான். தமிழ் எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள் ஒன்றைச் சில இளைஞர்கள் சம்பளமில்லாமல் ராத்திரி நேரத்தில் எழுதிவருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நானும் வரட்டுமா என்று கேட்டேன். குழுவை நடத்தும் கோயம்புத்தூர்த் தம்பி, “தாராளமா வாங்க சார். ரீட்மீல எல்லாம் எழுதியிருக்குதுங்க. அதைப் பார்த்து செட்டப் பண்ணிக்கோங்க, பத்து நிமிச வேலைதான்” என்றார். மென்பொருளோடு வரும் வழிகாட்டிக் குறிப்புக்குத்தான் ரீட்மீ என்று பெயர்.

முதல் படி கிட்: நிரலில் யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று கணக்கு வைக்கும் மென்பொருள். அதே வேலைக்கு லினக்ஸ் உருவாக்குநர்கள் பயன்படுத்திவந்த பிட்கீப்பரின் இலவச உரிமம் 2005இல் கையைவிட்டுப் போனது. அந்த ஏப்ரலில் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தானே ஒன்றை எழுத உட்கார்ந்தார். சில நாளிலேயே கிட் தன் சொந்த நிரலைத் தானே பாதுகாக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. அவர் அதை எழுத எடுத்துக்கொண்ட காலத்தையும் நான் அதை நிறுவ எடுத்துக்கொண்ட காலத்தையும் வாசகர்கள் ஒப்பிட வேண்டாம்.

மாற்றத்தைப் பதிய முதல் கமிட் போட்டதும் மூன்று நட்சத்திரக் குறியோடு ஒரு செய்தி வந்தது: தயவுசெய்து நீங்கள் யார் என்று சொல்லுங்கள். ‘நான் யார்’ என்று தன்னையே கேட்டுக்கொள்ளச் சொன்னார் ரமணர். விடை தேடித் திருவண்ணாமலைக்குப் போனவர்களில் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். கிட்டுக்கு இரண்டு வரி போதும்: பெயர், மின்னஞ்சல். அது உண்மையா என்று சரிபார்ப்பதுகூட இல்லை. கேஒய்சி படிவத்தில் கையெழுத்து ஒரு சுழி குறைந்தாலும் திருப்பி அனுப்பியே பழகிய எனக்கு மனம் ஒப்பவில்லை. சோதனைக்காக எம்.ஜி.ஆர். பெயரைக் கொடுத்துப் பார்த்தேன். பணிவோடு ஏற்றுக்கொண்டது.

இந்தத் தாராளமெல்லாம் குழுவின் நிரல் இருக்கும் கிட்ஹப் தளத்தின் வாசலோடு சரி. 2021 ஆகஸ்ட் 13 முதல் அங்கே கட்டளை வரியிலிருந்து நிரலை ஏற்றக் கணக்கின் கடவுச்சொல் செல்லாது. டோக்கன் வேண்டும், அல்லது எஸ்எஸ்எச் சாவி. ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருட, பின்லாந்துக்காரரான டாட்டு யூலனென் 1995இல் எழுதியது எஸ்எஸ்எச். அதில் சாவி இரண்டு: ஒன்றை ஊருக்கெல்லாம் கொடுக்கலாம், மற்றதை வீட்டம்மாவுக்குக்கூடக் காட்டக் கூடாது. சாவி உருவானதும் திரையில் ஒரு கட்டத்துக்குள் புள்ளியும் கூட்டல் குறியுமாக ஒரு படம் வந்தது, மார்கழி விடியலில் அரைத்தூக்கத்தில் போட்ட கோலம் மாதிரி.

“இது எதுக்குப்பா?” என்று தம்பியைக் கேட்டேன்.

“சாவியை மனுசங்க கண்ணால பார்த்தே அடையாளம் கண்டுக்கறதுக்குங்க.”

“உனக்கு உன் சாவி அடையாளம் தெரியுமா?”

“நான் இதுவரைக்கும் உத்துப் பார்த்ததே இல்லீங்க சார்.”

அடுத்த விசாரணை, ஒரு வரி எங்கே முடிகிறது என்பது. டெலிபிரின்டர் காலத்தில் அச்சுமுனையை இடது ஓரத்துக்குத் திருப்ப ஒரு குறி, காகிதத்தை ஒரு வரி நகர்த்த இன்னொரு குறி. அந்த இயந்திரங்கள் பேரீச்சம்பழத்துக்குப் போய்விட்டன. குறிகள் மட்டும் சாகவில்லை. விண்டோஸ் இரண்டையும் போடும். லினக்ஸுக்கு இரண்டாவது மட்டும் போதும். டைப்ரைட்டிங்கில் லோயரும் ஹையரும் பாஸ் செய்த எனக்கு விண்டோஸ் கட்சிதான் நியாயமாகப் பட்டது. குழுவில் மற்ற எல்லாரும் எதிர்க்கட்சி. ஒரே ஒரு காற்புள்ளியைத் திருத்தி அனுப்பினேன். “சார், ஃபைல் முழுக்க நீங்களே புதுசா எழுதின மாதிரி காட்டுதுங்க” என்றார் தம்பி. கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒவ்வொரு வரியின் வாலிலும் ஒட்டிக்கொண்டு போயிருந்தது. வரி முடிவு இப்படித்தான் என்று கிட்டுக்கு ஒரு கோப்பில் எழுதிக்கொடுத்ததும் இரு கட்சிக்கும் சமாதானம்.

பெரிய எழுத்துச் சண்டை தனி. லினக்ஸுக்குக் கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய ‘ஏ’ வேறு, சின்ன ‘ஏ’ வேறு. விண்டோஸும் மேக்கும் வழக்கமாக இரண்டையும் ஒன்றாகவே பாவிக்கும். அந்தப் பேதமே இல்லாத மொழியில் பிறந்தவன் இதில் யாருக்கென்று பரிந்து பேசுவது?

எல்லாம் சரியா என்று பார்க்க, சொற்பட்டியலில் ஒரு சொல்லைச் சேர்த்து டெஸ்ட்டை ஓட்டச் சொன்னது ரீட்மீ. ‘கொடி’ என்று சேர்த்தேன். சிவப்பு எழுத்தில் தீர்ப்பு வந்தது. எதிர்பார்த்தது: கொடி. கிடைத்தது: கொடி.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். கொடிதான். யூனிகோடில் ‘கொ’ எழுத இரண்டு வழி உண்டு. ஒகரக் குறியை ஒரே குறியீடாகப் போடலாம். இல்லையென்றால் இடப்பக்கக் கொம்பையும் வலப்பக்கக் காலையும் தனித்தனியாகப் போடலாம். மனிதக் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. என் விசைப்பலகை இரண்டாம் ரகம். “எனக்கு ஓடுதுங்களே சார்” என்றார் தம்பி. ஓடாமல் என்ன? அவருடையது முதல் ரகம். பிழை திருத்த வந்த மென்பொருள் பிழையே இல்லாத சொல்லைப் பிடித்துவைத்திருந்தது. ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றும் வரி ஒன்றைச் சேர்த்து விடுவித்தோம்.

கணினி கேட்கும் ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் எங்கோ இரண்டு பேர் போட்ட சண்டை இருக்கிறது. தனியாளுக்குச் சண்டை இல்லை, ஆகவே கேள்வியும் இல்லை. ரீட்மீ எழுதியவரும் பொய் சொல்லவில்லை. எல்லாம் முன்பே பொருந்திப்போன கணினியில் பத்து நிமிடம்தான் ஆகும். வழியில் உள்ள பள்ளம் புதிதாக வருகிறவன் காலுக்குத்தான் தெரியும். தாண்டி நாலு நாள் ஆனால் அவனுக்கும் மறந்துபோகும். அதனால் சூடு ஆறுமுன் விசைப்பலகை, வரி முடிவு, சாவி எல்லாவற்றையும் படிப்படியாக எழுதி ரீட்மீயில் சேர்த்து அனுப்பினேன். மென்பொருளுக்கு என் முதல் உருப்படியான பங்களிப்பு அதுதான். அதில் நிரல் ஒரு வரியும் மாறவில்லை என்றாலும் தம்பி பாராட்டினார்.

சில மாதம் கழித்து மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி குழுவில் சேர்ந்தார். அன்று இரவே செய்தி வந்தது: “மூணாவது ஸ்டெப்ல நிக்குது அங்கிள்.”

‘அங்கிள்’ என்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நான் உட்கார்ந்து செதுக்கிய மூன்றாவது படியில் குறையா? உடனே என் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். அம்சமாக ஓடியது. பதில் தட்டினேன்:

“எனக்கு ஓடுதேம்மா.”