மேசைக் கணினியின் செயலி விசிறி எழுப்பும் ஓசை: வன்னிப் பெருநிலப்பரப்பை மையப்படுத்திய ஓர் ஆய்வு

வன்னியைப் பற்றிய ஆய்வுகளுக்குப் பஞ்சமில்லை. குளங்களை ஆராய்ந்தார்கள், காட்டை ஆராய்ந்தார்கள், கண்ணகி வழிபாட்டையும் மீள்குடியேற்றத்தையும் ஆராய்ந்து தடித்த நூல்களாகப் போட்டார்கள். வீதியோரக் கொமினிகேசன்களில் இன்றைக்கும் பிறப்புச் சான்றிதழ் விண்ணப்பம் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் பழைய கணினிகளின் விசிறியை மட்டும் கல்வியுலகம் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் குறையை இக்கட்டுரை தீர்க்க முயல்கிறது. ஆய்வுக்களம் வவுனியாவிலிருந்து ஆனையிறவு வரை. ஆய்வுப்பொருள் கறுப்பு நிறம், ஏறத்தாழ ஒன்பது சென்ரிமீற்றர் அகலம், நிறையப் புழுதி.

முதலில் ஓசையை வரையறுக்க வேண்டும். விசிறிப் பெட்டியின் மேல் இத்தனை டெசிபல் என்று அச்சிட்டிருப்பார்கள். வெளிச்சத்தம் புகாத அறைக்குள், வழமையாக ஒரு மீற்றர் தள்ளி ஒலிவாங்கியை வைத்து எடுத்த அளவு அது. வன்னியில் யாராவது அப்படியோர் அறையைக் கட்டி முடித்தால், அடுத்த கணமே ஒரு பாண் ஓட்டோ பீத்தோவனை வாசித்தபடி வாசலில் வந்து நிற்கும். அது போனால் லாண்ட்மாஸ்டர். இருட்டினால் யானை வெடி. மாரி பிறந்தால் தவளை. இவ்வளவையும் பொறுத்துக்கொண்டிருக்கிற சனம் ஒரு கணினியைப் பார்த்து “சத்தம் தாங்கேலாது” என்று சொல்கிறதென்றால், சிக்கல் உண்மையிலேயே பாரதூரமானது.

களத்தில் கேட்ட ஓசைகள் மூன்று. காற்று இரைவது ஒன்று. அச்சு காய்ந்து கரகரப்பது இன்னொன்று. மூன்றாவது ‘டக், டக்’ என்பது. அது வயர் முட்டுவதாக இருக்கலாம், பல்லி சம்பந்தப்பட்டதாகவும் இருக்கலாம். பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கும் பஞ்சாங்கங்களில் விசிறிக்குள் அகப்பட்ட பல்லிக்குப் பலன் கிடைக்காததால், மூன்றாவதை இத்துடன் விடுகிறேன்.

இரைச்சலுக்குத் தாய் புழுதி. சோளகக் காற்று வீசும் மாதங்களில் கிரவல் றோட்டில் ஒரு ரிப்பர் போனால், அரை மணித்தியாலத்துக்கு ஊரே சிவப்பு. சூடடிப்புக் காலத்தில் அதனுடன் பதர்த்தூசியும் சேரும். இரண்டும் செயலியின் மேல் இருக்கும் வெப்பத்தகட்டின் இடுக்குகளில் படிந்து மெத்தையாகின்றன. காற்று நுழைய வழியில்லை, செயலி கொதிக்கிறது, தாய்ப்பலகை பதறி விசிறியை முழு வேகத்தில் விரட்டுகிறது. ஆகவே வன்னியில் விசிறி மாற்றப் புறப்படுகிறவர்களில் பெரும்பாலானோருக்குத் தேவைப்படுவது விசிறியல்ல, பெயின்ற் பிரஷ் என்பதே என் துணிபு. சிலர் பெட்டியைக் கராச்சுக்குத் தூக்கிப்போய்க் காற்றடிப்பிக்கிறார்கள். அங்கே காற்றோடு தண்ணீரும் வரும். இதழ்களை விரலால் பிடித்துக்கொள்ளாவிட்டால் விசிறி தாறுமாறாகச் சுழன்று அச்சும் கெடும்.

கரகரப்பைப் பொறுத்தவரை அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எண்ணெய் மரபினர் விசிறியின் நடுவிலுள்ள ஸ்ரிக்கரை உரித்து, அச்சில் ஒரு துளி தையல் மெசின் எண்ணெய் விடுவார்கள். உள்ளே இருப்பது மலிவான சிலீவ் வகைத் தாங்கி என்றால் இது சில மாதம் பலிக்கும். தேங்காய் எண்ணெய் விடுவோர் இம்மரபின் திரிபுவாதிகள்; அது காலப்போக்கில் பிசினாகிப் புழுதியைக் கட்டிப்பிடிக்கும். எதிர்மரபினர் பெட்டியின் பக்கத்தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, மேசை விசிறி ஒன்றை நேரே திருப்பி வைப்பார்கள். செயலி குளிர்கிறது, மறுப்பதற்கில்லை. சிறு சத்தம் பெரிய சத்தத்துக்குள் மறைந்தும் போகிறது. ஆனால் அந்த விசிறி அடிக்கும் காற்றோடு உள்ளே போவது மறுபடியும் புழுதிதான்.

இனி வாங்கும் படலம். விதி சுருக்கமானது: அகலம் கூட வேண்டும், வேகம் குறைய வேண்டும். விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கும், காற்றும் பாதியாகும். அந்த இழப்பை அகலம் ஈடுசெய்யும். ஒரே வடிவமைப்பில், ஒரே வேகத்தில், 120 மில்லிமீற்றர் விசிறி 92 மில்லிமீற்றர் விசிறியைவிட இரு மடங்குக்கும் சற்று அதிகமான காற்றைத் தள்ளும் என்பது கணக்கு. நான்கு வயர் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். நாலாவது வயரில் வேகக் கட்டளை 25 கிலோஹேர்ட்ஸ் அளவில் வருகிறது; மனிதக் காதின் எல்லை 20. நாய்க்கு அது கேட்கக்கூடும். கடைவாசலில் படுத்திருந்த தகவலாளி கருத்துக் கூற மறுத்துவிட்டார்.

ஒஸ்திரியாவின் நொக்டுவா நிறுவனம் இத்துறையின் பெரிய இடம். அதன் சின்னம் ஆந்தை. ஓசையில்லாமல் பறக்கும் பறவை என்று அவர்கள் வைத்தார்கள். அதை வீட்டுக்குள் கொண்டுவருவதற்கு எங்கள் ஆச்சிமார் சம்மதிப்பார்களா என்பது தனி ஆய்வு. அவர்களின் 92 மில்லிமீற்றர் விசிறிக்குப் பெயர் என்.எஃப்-ஏ9. 2006 ஓகஸ்ட்டில் மூடப்பட்டு, போர் முடிந்த பிறகே சனத்துக்குத் திறந்த எங்கள் ஏ9 வீதியின் பெயரை வியன்னாக்காரர் விசிறிக்குச் சூட்டியிருப்பதைத் தற்செயல் என்று ஒதுக்க என் ஆய்வு மனம் இடந்தரவில்லை. முழு வேகத்தில் அதன் சத்தம் 22.8 டெசிபல்; அதே பெயருள்ள வீதியில் இரவு கொழும்பு பஸ் போகும்போது ஒலியை அளக்க என்னிடம் கருவி இல்லை. பழைய இன்ரெல் வெப்பத்தகட்டின் மேல் அதைப் பூட்ட இடமும் இல்லை, கட்டுகம்பிதான் கதி.

தகட்டோடு சேர்த்து வாங்குவோர்க்கு மூன்று மில்லிமீற்றர் குறுக்கே நிற்கிறது. பழைய 775 வகைத் தாய்ப்பலகையில் துளைகளின் இடைவெளி 72 மில்லிமீற்றர், பின்னர் வந்த 1155 வகையில் 75. அளவு கேட்காமல் பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாசாவிலிருந்து இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த விசிறிகள் பல, கடதாசி பறக்காமலிருக்கப் பாரமாகக் கடமையாற்றுகின்றன. இன்னொரு வழியும் உண்டு. 2004இல் வந்த பென்ரியம் 4 பிரெஸ்கொட் வகையில் சில 115 வாற் வெப்பம் கக்கும். 2006இன் கோர் 2 டுவோ பெரும்பாலும் 65 வாற். பலகை ஏற்றுக்கொண்டால் செயலியை மாற்றிவிடுங்கள், விசிறி தானாக அடங்கும்.

அதற்காக அளவுக்கு மீறி அடக்கவும் கூடாது. மிக மெதுவாகச் சுழலும் விசிறியைச் சில தாய்ப்பலகைகள் செத்ததாகக் கணக்கெடுத்து, எஃப்1 ஐ அழுத்து என்று கரைச்சல் தரும். பயோஸில் எச்சரிக்கை எல்லையைக் குறைத்தால் தீரும்.

மனிதர்களும் சத்தம் அடங்கினால் கரண்ட் செத்ததாகவே கணக்கெடுப்பார்கள்; அந்த எல்லையைக் குறைக்க அவர்களுக்குப் பயோஸ் கிடையாது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பற்றரியே தடைப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்ட ஊர் இது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நாடே இருட்டில் கிடந்தபோதும், மின்சாரம் வந்த சேதியை முதலில் சொன்னது ஏதாவதொரு விசிறியின் இரைச்சல்தான். கிளிநொச்சியில் ஒரு கொமினிகேசன் அக்காவின் கணினிக்கு ஓசையற்ற விசிறி பூட்டியபோது இது நிரூபணமாயிற்று.

“தம்பி, சனம் வாசலிலயே நிண்டு, அக்கா கரண்ட் இல்லையோ எண்டு கேட்டுட்டுத் திரும்பிப் போகுது. அந்தப் பழைய ஃபானையே கொண்டுவந்து பூட்டிவிடும்.”

அது ஆய்வுச் சான்றாக என் அலுமாரிக்குள் இருக்கிறது. கொடுப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.