வெப்பப் பிரிவின் மேலான கவனத்துக்கு

அனுப்புநர்: தங்கள் கேமிங் லேப்டாப்பைத் தவணையில் வாங்கியவன், வேலூர்.
பெறுநர்: உயர்திரு பொது மேலாளர் அவர்கள், வெப்பப் பிரிவு (அப்படியொன்று இருந்தால்).
பொருள்: கேம் ஆடும்போது மட்டும் கொதிக்கும் கேமிங் லேப்டாப் – தொடர்பாக.
பார்வை: தங்கள் கையேட்டின் கடைசிப் பக்கம், எறும்பெழுத்துப் பகுதி.

ஐயா,

பார்வையில் கண்ட பகுதியில், இந்தக் கருவி 5 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் இயங்கும் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். எங்கள் ஊரில் கத்திரி வெயிலில் 40 டிகிரி சர்வசாதாரணம். ஆக, வருடத்தில் சில மாதங்கள் வேலூர் தங்கள் கையேட்டுக்கு வெளியே இருக்கிறது. விற்பனைக்கு மட்டும் உள்ளே இருக்கிறது.

சைபர்பங்க் 2077-ஐத் திறந்ததும் முதல் ஓரிரு நிமிடம் தங்கள் விளம்பரம் அப்படியே பலிக்கிறது. பிறகு ஃபேன் இரைகிறது. வலப்பக்கத் துளை வழியாக அனல் நேராக என் மவுஸ் பிடித்த கைமேல் அடிக்கிறது. இந்தத் துளையை இங்கே வைத்த பொறியாளர் இடதுகைக்காரராகத்தான் இருக்க வேண்டும். இடதுகைக்கும் நிம்மதியில்லை, டபிள்யூ விசையின் மேல்வரிசை தொட முடியாமல் காய்கிறது. பிராசஸர் 100 டிகிரியை எட்டியதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. துப்பாக்கிச் சண்டை நடுவே படம் விக்கி விக்கி நகர்கிறது. எதிரிக்கு மட்டும் எந்தத் தடுமாற்றமும் இல்லை.

தங்கள் சேவை மையத்தை அழைத்தேன். “சும்மா இருக்கும்போது சூடாகுதா சார்?” என்றார் அந்தத் தம்பி. இல்லை என்றேன். “அப்போ லேப்டாப் நல்லாத்தான் இருக்கு சார்” என்றார். 100 டிகிரி வரை வடிவமைப்பு வரம்புக்குள்தானாம். சில்லுக்கு அது சரி, நான் மறுக்கவில்லை. என் விரல்களை வடிவமைத்தவர் அப்படி எந்த வரம்பும் எழுதித் தரவில்லை.

அவர் சொன்ன வைத்தியங்களையும் செய்தேன். எஃப்பிஎஸ்ஸை 60-க்குள் கட்டச் சொன்னார். 144 ஹெர்ட்ஸ் திரைக்கென்று கூடுதல் பணம் வாங்கியது தாங்கள்தான். விண்டோஸின் பவர் அமைப்பில் பிராசஸரின் அதிகபட்சத்தை 100-லிருந்து 99 ஆக்கச் சொன்னார். ஒரு சதவீதம்தானே என்று ஆக்கினால், டர்போ மொத்தமாக அணைந்துவிடுகிறது. சூடு சட்டென்று இறங்கியது, உண்மை. கிராஃபிக்ஸ் கார்டே பாரம் சுமக்கும் கேம்களில் ஆட்டமும் பெரிதாகக் கெடவில்லை, அதுவும் உண்மை. அப்படியானால் பெட்டியின் மேல் டர்போ வேகத்தைக் கொட்டை எழுத்தில் போட்டது யாருக்காக? பின்பக்கத்தைப் புத்தகம் வைத்து உயர்த்தினேன். காற்று புகுந்து கொஞ்சம் தணிந்தது. இதுவரை செய்ததில் உருப்படியான வைத்தியம் இதுதான், செலவும் இல்லை. இதற்குத் தாங்கள் உயரமான ரப்பர் கால் வைத்திருக்கலாம். மெலிதாகத் தெரியாது என்று விட்டுவிட்டீர்கள் போல.

கடைசியாக ஏசி போட்டுக்கொண்டு ஆடச் சொன்னார். ஐயா, தமிழ்நாட்டில் இரண்டு மாத மின்கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், 101-ஆவது யூனிட்டிலிருந்தே கட்டணம் வேறு. லேப்டாப் குடிக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் அறையில் இறங்குகிறது. அதை ஏசி இன்னொரு முறை மின்சாரம் குடித்து வெளியே தள்ள வேண்டும். இரண்டுக்கும் பில் கட்டுவது நான்.

இன்னொரு சங்கதி. என்விடியா ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டை 35 வாட்டிலும் ஓட்டலாம், 115 வாட்டிலும் ஓட்டலாம், பெயர் ஒன்றே. எத்தனை வாட் கொடுப்பது என்பது லேப்டாப்பை உருவாக்குகிறவர் கையில் இருக்கிறது. தங்கள் பெட்டியில் பெயர் இருக்கிறது, வாட் இல்லை. ஃபேனில் அடைந்த தூசியைத் தட்டலாம் என்றால், மூடியின் திருகுமேல் ‘கிழித்தால் வாரண்டி இல்லை’ என்று ஸ்டிக்கர். தூசி மட்டும் ஸ்டிக்கரைக் கிழிக்காமலே உள்ளே போய்வருகிறது.

ஆகவே, சமூகம் அவர்கள் தயவுகூர்ந்து, 40 டிகிரி அறையில் அரைமணி நேரம் ஓடிய பிறகு இந்த இயந்திரம் என்ன வேகம் காட்டுகிறதோ அந்த எண்ணைப் பெட்டியில் அச்சிடும்படியும், பக்கத்திலேயே வாட்டையும் போடும்படியும், தூசி தட்ட ஒரு வழி விடும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பதிலை ஜூன் முடிவதற்குள் அனுப்பவும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் லேப்டாப் தானாகக் குளிர்ந்துவிடும். தாங்களும் ‘பிரச்சினை தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி அனுப்பிப் புகாரை மூடி, சேவைக்கு ஐந்து நட்சத்திரம் கேட்பீர்கள்.

இப்படிக்கு,
தவணை இன்னும் பாக்கியுள்ள
தங்கள் வாடிக்கையாளன்