வைஃபை கார்டுப் பொருத்தம்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து ஒரு முன்னாய்வு

1. ஆய்வுச் சுருக்கம்

பத்து வயதைத் தாண்டிய மடிக்கணினிக்கு வைஃபை கார்டு தேர்ந்தெடுப்பது எப்படி என்ற வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. உத்தமபாளையத்தில் அக்கா வீடு, தேனியில் ஒரு சர்வீஸ் கடை, இரண்டுக்கும் நடுவே சின்னமனூர், வீரபாண்டி வழியாக மூன்று முறை பஸ் பயணம். இவையே ஆய்வுக் களம். ஆய்வுக் காலம் ஒரு வாரம். நிதியுதவி ஆய்வாளரின் சட்டைப்பை. தகவலாளிகளின் பெயர்கள் ஆய்வு அறம் கருதி மறைக்கப்பட்டுள்ளன. அவர்கள் யாரென்று தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

2. ஆய்வுப் பொருள்

விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் தொடங்கியது. எல்காட் கொள்முதல் செய்தது. பல கம்பெனிகள் செய்து கொடுத்தன. விண்டோஸ் ஒரு பக்கமும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் மறுபக்கமுமாக ஒரே பெட்டியில் இரட்டைக் குடித்தனம். அக்கா மகள் பிளஸ் டூ படித்தபோது வாங்கியது அப்படி ஒன்று. அவள் வேலை கிடைத்துக் கோவைக்குப் போய்விட்டாள். பெட்டி பரணில், சீர்வரிசை அண்டாவுக்குள் பத்திரமாக இருந்தது. இப்போது தம்பிக்காரன் படிக்க வேண்டும் என்று இறக்கித் துடைத்தோம்.

இயங்கியது. ஆனால் வைஃபை மட்டும் முன்னறையில், ரவுட்டரின் மடியிலேயே உட்கார்ந்தால் மூன்று கோடு. அடுப்படியில் ஒரு கோடு. பின்கட்டில் ஒன்றுமில்லை.

இந்தப் பள்ளத்தாக்குக்காரர்கள் அளவு வாசிப்பதில் பரம்பரைத் தேர்ச்சி உள்ளவர்கள். காலையில் பேப்பரைப் பிரித்ததும் பெரியாறு அணை எத்தனை அடி என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற செய்தி. 136 அடி, 2014-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த 142 அடி, அணையின் முழு அளவான 152 அடி ஆகிய மூன்று எண்களும் குழந்தைக்கும் மனப்பாடம். ஆகவே சிக்னலும் அந்த மொழியிலேயே விசாரிக்கப்பட்டது.

“இப்ப எம்புட்டுடா நிக்குது?”

“ஒண்ணும்மா. இறங்கிக்கிட்டே இருக்கு.”

3. முன்னோர் கருத்துகள்

இப்பொருள் குறித்து மூன்று சிந்தனைப் பள்ளிகள் உள்ளன.

வேகவாதம்: இதன் மூலவர் அக்கா வீட்டுக்காரர். “இருக்கறதுலயே ஸ்பீடான கார்டாப் போட்டுரு மாப்ள. ஒரு தடவ செய்யறத உருப்படியாச் செய்யி” என்பது மூல வாக்கியம்.

செருகுவாதம்: பக்கத்து வீட்டு அண்ணனுடையது. பெட்டியைத் திறக்கவே கூடாது. யுஎஸ்பி டாங்கிள் ஒன்றைச் செருகினால் போதும் என்பது. நல்ல கொள்கைதான். ஆனால் கட்டைவிரல் நகம் அளவுள்ள டாங்கிளில் ஆன்டெனாவும் அதே அளவுதான் இருக்கும் என்பதையும், படிக்கிற பையன் பையில் அது எத்தனை நாள் நீண்டுகொண்டிருக்கும் என்பதையும் இப்பள்ளி விளக்கவில்லை.

துறவுவாதம்: அக்காவுடையது. “புதுசா ஒண்ணு வாங்கித் தொலையேன்டா.”

ஆய்வாளர் வேகவாதத்தை ஏற்றுக் களத்தில் இறங்கினார்.

4. கள ஆய்வு

தேனி கடையில் இருந்த தம்பியிடம் வைஃபை கார்டு கேட்டேன்.

“மாடல் என்னண்ணே?”

“கவர்மெண்டு லேப்டாப்புப்பா.”

“அதுல பல கம்பெனி வந்துச்சுண்ணே. உள்ள இருக்கறதக் கழட்டிக் கொண்டாங்க. கழட்டுறதுக்கு முன்னாடி ஒயர போட்டோ எடுத்துக்கங்க.”

முதல் பயணம் இவ்வாறு முடிந்தது. வீட்டில் பெட்டியைக் கவிழ்த்து மூடியைத் திறந்தேன். களக் குறிப்பேட்டில் அன்று எழுதியது: ‘கார்டில் இரண்டு ஒயர் மாட்ட இடம் உண்டு. கறுப்பு ஒயர் மாட்டியிருந்தது, கழற்றினேன். வெள்ளை ஒயர் ஏற்கெனவே கழன்றே கிடந்தது. ஒரு வேலை மிச்சம்.’

இந்தக் கடைசி வாக்கியத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். ஆய்வாளர் வைத்துக்கொள்ளவில்லை.

5. பொருத்தங்கள்

இரண்டாம் பயணத்தில் கடைத் தம்பி சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டதும், பிறகு படித்துத் தெளிந்ததுமாகப் பொருத்தங்கள் ஐந்து.

அ) அளவுப் பொருத்தம். போடி வியாபாரிகள் ஏலக்காயைச் சல்லடையில் சலித்து 8 மி.மீ., 7 மி.மீ. என்று பிரிப்பது போல வைஃபை கார்டும் மி.மீ. கணக்குதான். மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் வகையில் முழுக் கார்டு ஏறத்தாழ 30-க்கு 51. அரைக் கார்டு 30-க்கு 27. பின்னால் வந்த எம்.2 கார்டு 22-க்கு 30. முந்தைய வகைக்கு 52 பின், எம்.2-வின் வாய் முற்றிலும் வேறு. ஏலக்காய் அளவு மாறினால் விலைதான் மாறும். கார்டின் வகை மாறினால் உள்ளேயே போகாது.

ஆ) குலப் பொருத்தம். சில மடிக்கணினிகளின் பயாஸில் ஒரு பட்டியல் இருக்கும். அதில் உள்ள கார்டுதான் உள்ளே வரலாம். வேறு கார்டைப் போட்டால், அனுமதி இல்லாத கார்டு செருகப்பட்டுள்ளது, அணைத்துவிட்டுக் கழற்று என்று திரையில் எழுதிவிட்டு நின்றுவிடும். திங்க்பேட், ஹெச்பி வகைகளில் பல இப்படிப்பட்டவை. ரேடியோவும் ஆன்டெனாவும் சேர்த்தே சான்று பெறப்பட்டவை என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். கார்டு என்ன படித்திருக்கிறது, எவ்வளவு சம்பாதிக்கிறது என்பதெல்லாம் பேச்சே இல்லை, சொந்தத்தில்தான் கட்டுவார்கள். இதற்கு நேர் எதிர், ஏஎக்ஸ்201 போன்ற புதிய இன்டெல் கார்டுகள். அவற்றின் பாதி மூளை கம்ப்யூட்டரின் பிராசஸருக்குள் இருக்கிறது. வீட்டோடு மாப்பிள்ளை, அந்த வீட்டைத் தவிர வேறெங்கும் பிழைக்காது. பழைய பெட்டிக்கு ஆகவே ஆகாது.

இ) அலைப் பொருத்தம். பழைய கார்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் அறிந்தது. அதன் அலைநீளம் சுமார் 12 செ.மீ., அரைச் சாணுக்குக் கொஞ்சம் கூட. 5 கிகாஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ மூன்று விரற்கடை. குட்டை அலையில் வேகம் அதிகம், நெரிசல் குறைவு. ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். அக்கா வீட்டுப் பின்கட்டுக்கு முன்னால் கருங்கல் சுவர் ஒன்றும், அதை ஒட்டி ஒரு இரும்பு பீரோவும் உள்ளன. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், பொட்டிபுரம் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் கட்ட 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மக்களின் எதிர்ப்பும் வழக்குகளுமாக அது நின்றுவிட்டது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை தலைக்கு மேல் இருந்தாலும் ஊடுருவி வரும் துகளைப் பிடிப்பதற்கான திட்டம் அது. அதே வட்டாரத்தில் நமது அலை ஒரு பீரோவைத் தாண்ட முடியாமல் நிற்கிறது.

ஈ) மொழிப் பொருத்தம். கார்டின் பேச்சு கணினிக்குப் புரிய டிரைவர் வேண்டும். டிரைவரை இறக்க நெட் வேண்டும். நெட் வர கார்டு வேலை செய்ய வேண்டும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்ற பழைய சிக்கல்தான். லினக்ஸ்காரர்கள் பழைய ஏதரோஸ் கார்டுகளைத் தேடி அலைவதற்குக் காரணம் இதுவே. அவற்றில் பலவற்றுக்கான டிரைவர் 2008 முதல் லினக்ஸ் கருவுக்குள்ளேயே இருக்கிறது. மற்றவர்கள் செல்போனை யுஎஸ்பி ஒயரில் மாட்டி அந்த நெட்டில் இறக்கிக்கொள்ளலாம்.

உ) நரம்புப் பொருத்தம். ஆன்டெனா கார்டில் இல்லை. திரையைச் சுற்றியுள்ள சட்டத்துக்குள் இருக்கிறது. அங்கிருந்து கீல் வழியாக இறங்கும் மெல்லிய ஒயர்களின் நுனியில் பச்சைப்பயறைவிடச் சிறிய உலோகத் தொப்பி. பெரும்பாலும் வெள்ளை மெயின், கறுப்பு துணை. எம்.2 கார்டுகளில் தொப்பி இன்னும் சிறியது. பழைய ஒயர் உட்காராது. கறுப்பும் வெள்ளையும் தவிர மூன்றாவது ஒயர் இருந்தால், மூன்று வாயுள்ள கார்டு இல்லாதவரை அதை டேப் ஒட்டி ஒதுக்கிவிடலாம்.

பொருத்தம் இருந்தும் தோஷம் இருக்கலாம். சில பெட்டிகளில் கார்டு உட்காரும். ரேடியோ மட்டும் அணைந்தே கிடக்கும். பரிகாரம் உண்டு: 52 பின்களில் 20-ஆவது பின்னை மட்டும் சின்னத் துண்டு டேப் ஒட்டி மறைப்பது. ரேடியோவை அணைக்கச் சொல்லும் கட்டளை அந்தப் பின் வழியாகத்தான் வருகிறது. பெரியவர் சொல் காதில் விழாமல் இருந்தால் சில வீடுகளில் குடித்தனம் நடக்கும்.

6. சோதனை

மூன்றாம் பயணத்தில் வாங்கியது இன்டெல் 7260, அரைக் கார்டு, கைமாறி வந்தது. இரண்டு அலைவரிசையும் அறியும். நொடிக்கு 867 மெகாபிட் வரை போகும் என்று ஏட்டில் உள்ளது. ஐந்து பொருத்தமும் கூடி வந்தன. வெள்ளை ஒயரை மெயினில், கறுப்பைத் துணையில் வைத்து விரல்நுனியால் அழுத்தினேன். டிக் என்று ஒரு சத்தம், இரண்டாவது டிக். மூடியை மூடினேன்.

பின்கட்டில் மூன்று கோடு!

வேகவாதம் வென்றது என்று அறிவிக்கப்பட்டது. பால் பாயசம் வைக்கும் பேச்சு எழுந்தது. அப்போது ஆய்வாளரின் மருமகன், வயது பதினாறு, பழைய போட்டோவைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: “மாமா, முன்னாடி இந்த வெள்ள ஒயர் மாட்டவே இல்லையே. அப்ப கார்டு சரியாத்தான இருந்துருக்கும்?”

அறிவியலில் இதற்குக் கட்டுப்பாட்டுச் சோதனை என்று பெயர். வேறு வழியில்லாமல் செய்தேன். பழைய கார்டைத் திரும்பப் போட்டு, இரண்டு ஒயரையும் மாட்டினேன். பின்கட்டில் மூன்று கோடு.

வேகமும் பார்த்தோம். வீட்டுக்கு வரும் லைன் நொடிக்கு 40 மெகாபிட். பழைய கார்டில் 36. புதியதில் முன்னறையில் 38. பின்கட்டில் புது கார்டு 5 கிகாஹெர்ட்ஸைக் கைவிட்டு, பழைய கார்டின் அலைக்கே இறங்கி வந்து, பழைய கார்டின் வேகத்தையே காட்டியது.

7. முடிவுரை

வேகவாதத்தின் மூலவர் இரண்டு போகம் நெல் போடுகிறவர். பெரியாற்றுத் தண்ணீர் பாயும் 14,707 ஏக்கரில் அவருடையதும் உண்டு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டபடி, தாம் நிறுவிய பள்ளியைத் தாமே இடித்தார்: “கடைமடைக்குத் தண்ணி வரலன்னா நாங்க அணைக்கா மாப்ள போறோம்? மம்பட்டிய எடுத்துக்கிட்டு மொதல்ல வாய்க்காலப் பாத்துட்டு வருவோம்.”

ஆக, கண்டடைவு இது. கார்டைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒயரைப் பார்க்க வேண்டும். ஒயர் சரியாக இருந்து கார்டு செத்திருந்தால், அளவும் குலமும் மொழியும் பொருந்தும் கார்டைப் போட வேண்டும். வேகம் கடைசியில் பார்க்க வேண்டியது. வயலில் வாய்க்காலை அகலமாக வெட்டினால் தேக்கடியில் தண்ணீர் ஏறாது.

ஆய்வாளரின் மானம் கருதிப் புது கார்டே உள்ளே இருக்கிறது. பழையது அக்காவின் அஞ்சறைப் பெட்டியில், ஏலக்காய்க்குப் பக்கத்தில்.

8. ஆய்வின் வரம்புகள்

வெள்ளை ஒயரைக் கழற்றியது யார், எப்போது என்ற வினா இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று எழுதி முடித்திருந்தேன். கையெழுத்துப் படியை வாசித்த தகவலாளி, அதாவது அக்கா, ஓரத்தில் ஒரு திருத்தம் சேர்க்கச் சொன்னார்:

“பரண்ல ஏத்துறதுக்கு முன்னாடி, ஃபேன்ல தூசி ஊதுறேன்னு நீதானடா கழட்டுன?”